செவ்வாய்க்கிழமை பேசிய பிரின்சிபால்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

மலர்க் குழுவினர் என்னிடம் 'தலைமைப் பண்பு' என்ற தலைப்பில் நாலு பக்கம் கேட்டார்கள். இந்தத் தலைப்பில் என்ன வரும் என்பது நண்பர்களே, உங்களுக்கே தெரியும். தலைவன் என்பவன் யார்? அவனுக்கு வேண்டிய பத்துக் குணங்கள் எவை? நடுவில் இரண்டு பொன்மொழி, கடைசியில் 'இளைஞனே, எழுந்து வா!' போன வருஷ மலரிலும் இருக்கிறது, அதற்கு முந்தின வருஷ மலரிலும் இருக்கிறது. எழுந்து வந்தவன் எவன் என்று யாரும் கேட்டதில்லை.

நான் ஒரே ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் மந்திரி இல்லை, தளபதி இல்லை, கிரிக்கெட் கேப்டனும் இல்லை. ஒரு காலேஜ் பிரின்சிபால்! அமெரிக்காவில் அந்தப் பதவிக்குப் 'பிரசிடெண்ட்' என்று பெயர். ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா நகரம், அங்கே மோர்ஹவுஸ் கல்லூரி, கறுப்பின ஆண்கள் படிப்பதற்காக ஏற்பட்ட கல்லூரி. 1940 முதல் 1967 வரை இருபத்தேழு வருஷம் அதை நடத்தியவர் பெஞ்சமின் மேஸ்.

இவரை நான் தேடிப் போகவில்லை. பேச்சுப் போட்டிக்காக மார்ட்டின் லூதர் கிங் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு ஓரத்தில் இந்தப் பெயர் வந்தது. கிங் மாணவராக இருந்தபோது பிரசிடெண்ட் மேஸ், கிங் கைதாகப்போகிறார் என்றபோது பக்கத்தில் மேஸ், கிங் செத்துப்போனபோது இரங்கல் உரை மேஸ். யாருய்யா இந்த ஆள் என்று பார்க்கப் போனேன். போட்டியில் பரிசு வரவில்லை, அது வேறு கதை. ஆனால் இந்த ஆளை விட முடியவில்லை.

முதலில் அது எப்படிப்பட்ட கல்லூரி என்று சொல்லிவிடுகிறேன். நம்முடையது மாதிரி ஒர்க்‌ஷாப்பும் லேத்தும் உள்ள இடம் அல்ல. இலக்கியம், சரித்திரம், கணக்கு, விஞ்ஞானம், தத்துவம் என்று எல்லாவற்றையும் கலந்து நாலு வருஷம் சொல்லித் தருகிற சின்னக் கல்லூரி. லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் என்பார்கள். இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று நம் வீட்டில் கேட்பார்கள் இல்லையா? அங்கேயும் கேட்டார்கள். அதுவும் சாதாரணமாக இல்லை, ஒரு பெரிய சண்டையாகவே கேட்டார்கள்.

அடிமைத்தனம் ஒழிந்து இரண்டே வருஷத்தில், 1867-ல், அகஸ்டா என்ற ஊரில் ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் தொடங்கிய வகுப்புதான் பின்னால் மோர்ஹவுஸ் ஆனது. அடிமையாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு வேண்டும்? புக்கர் வாஷிங்டன் என்ற கறுப்பினத் தலைவர், 'முதலில் கைத்தொழில். தச்சு வேலை, கொல்லு வேலை, விவசாயம். காலூன்றிய பிறகு மற்றதைப் பார்க்கலாம்' என்ற கட்சி. 1895-ல் அதே அட்லாண்டாவில் ஒரு கண்காட்சி மேடையில் இதை அவர் பேசியபோது வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 'அதெப்படி? கிரேக்கமும் கணிதமும் எங்களுக்குக் கூடாதா? மேல்படிப்பு இல்லாமல் தலைவர்கள் எங்கிருந்து வருவார்கள்?' என்று எதிர்க்கட்சி ஆடியவர் டுபாய்ஸ். மோர்ஹவுஸ் இரண்டாவது கட்சி. அதன் முதல் கறுப்பினத் தலைவர் ஜான் ஹோப், 1906-ல் பொறுப்புக்கு வந்தவர், இந்த விஷயத்தில் பிடிவாதமாக நின்றவர்.

டிப்ளமோ மாணவனாகிய நான் இதைப் படித்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. நாம் எந்தக் கட்சி? வாஷிங்டன் நடத்திய டஸ்கீகியில் மாணவர்களே செங்கல் அறுத்து, சூளை வைத்து, தங்கள் கட்டடத்தைத் தாங்களே கட்டினார்கள். முதல் மூன்று சூளையும் வீணாய்ப் போய் நாலாவதுதான் சரியாக வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு 'வி' ஜாயிண்ட் ஒளி புகாமல் உட்காருவதற்கு மூன்று துண்டு இரும்பை வீணடித்தவர்களுக்கு அந்தச் சூளைக்காரர்கள் மேல் மரியாதை வராமல் இருக்காது. கையால் செய்கிற வேலை மட்டம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

ஆனால் போன மே மாதம் இன்ப்ளாண்ட் ட்ரெயினிங் போனோம். கம்பெனி பெயர் வேண்டாம். பதினைந்து நாள். முதல் மூன்று நாள் ஸ்டோர்ஸில் கேஸ்கட் எண்ணச் சொன்னார்கள், எண்ணினோம். நாலாவது நாள் சி.என்.சி. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புரோகிராமைக் கொஞ்சம் பார்க்கலாமா சார் என்று கேட்டேன். அந்த இன்ஜினியர் கோபப்படக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே, "டிப்ளமோதானப்பா, உனக்கு எதுக்கு அதெல்லாம்? போ, போய் எண்ணு" என்றார். எங்கள் நாலு பேரில் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரிக்காதவன் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்த 'உனக்கு எதுக்கு'தான் விஷயம். செங்கல் சூளையும் தப்பில்லை, கிரேக்கமும் தப்பில்லை. உனக்கு இவ்வளவு போதும் என்று இன்னொருத்தன் கோடு போடுகிறான் பாருங்கள், அதை எதிர்த்துத்தான் மேஸ் தன் ஆயுள் முழுக்க வேலை பார்த்தார் என்று நான் நினைக்கிறேன்.

அவர் பிறந்தது 1894-ல், தெற்குக் கரோலினாவில். அப்பா அம்மா இருவரும் அடிமைகளாகப் பிறந்து விடுதலை ஆனவர்கள். குத்தகைக்கு நிலம் எடுத்துப் பருத்தி விதைத்த குடும்பம். அவருடைய முதல் ஞாபகமே ஒரு கலவரம். 1898-ல் கறுப்பர்கள் ஓட்டுப் போடுவதைத் தடுக்க அந்தப் பக்கத்தில் கொலைகள் நடந்தன. துப்பாக்கியோடு குதிரையில் வந்த கும்பல் ஒன்று அவர் அப்பாவை மறித்தது. திட்டி, தொப்பியைக் கழற்ற வைத்து, திரும்பத் திரும்பக் குனிந்து கும்பிட வைத்தது. நாலு வயதுப் பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வருஷத்தில் நாலே மாதம். பருத்தி வேலை இல்லாத மாதங்கள் மட்டும்! பையன் மேலே படிக்க வேண்டும் என்றான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. படிப்பு ஆளைப் பொய்யனாக்கும், உழுவதற்கும் பிரசங்கம் செய்வதற்கும் அது தேவையில்லை என்பது அவர் எண்ணம். கடைசியில் பையன் கிளம்பியேவிட்டபோது கோபத்தோடு பணத்தை வீசி எறிந்தாராம். (வீசினாலும் பணம் கொடுத்தார் பாருங்கள்! நம் வீட்டு அப்பாக்களும் இப்படித்தான்.) ஹைஸ்கூல் முடிக்கும்போது மேஸுக்கு இருபத்தொரு வயது முடிந்து இருபத்திரண்டு நடந்தது. நம்மில் பலருக்கு அந்த வயதில் டிப்ளமோ முடிந்து அரியரும் முடிந்திருக்கும்.

அதன் பிறகு வடக்கே, மெய்ன் மாநிலத்தில் பேட்ஸ் கல்லூரி. கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளை மாணவர்கள். உண்மையிலேயே நான் இவர்களுக்குக் குறைந்தவனா என்று நேருக்கு நேர் பார்த்துவிடுவோம் என்றுதான் அங்கே போனார். 1920-ல் சிறப்பாகத் தேறினார். ரயிலில் படுக்கை விரிக்கிற போர்ட்டர் வேலையும் பார்த்தார். சிகாகோவில் எம்.ஏ., 1935-ல் டாக்டர் பட்டம். அமெரிக்காவில் ஃபை பீட்டா காப்பா என்று ஒரு சங்கம் உண்டு. கல்லூரியில் நன்றாகப் படிப்பவர்களைப் பொறுக்கி எடுத்து உறுப்பினராக்கும், பெரிய கௌரவம். 1920-ல் மேஸைப் பொறுக்கவில்லை. பதினைந்து வருஷம் கழித்து, 1935-ல், பேட்ஸிலிருந்து அழைத்துக் கொடுத்தார்கள். இந்தச் சங்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1940-ல் மோர்ஹவுஸுக்குத் தலைவராக வருகிறார். கல்லூரி நொடித்துப் போயிருந்தது. 1929-ல் பக்கத்திலிருந்த அட்லாண்டா யுனிவர்சிட்டியோடு ஒரு ஏற்பாடு. அதில் பணம் காசு நிர்வாகமெல்லாம் அங்கே போய்விட, மோர்ஹவுஸ் பங்காளி வீட்டில் ஒண்டிக் குடியிருக்கிற மாதிரி ஆகியிருந்தது. பையன்களோ பலர் பீஸ் கட்டவில்லை. வந்தவர் முதலில் என்ன செய்தார்? லட்சியம் பேசினாரா? இல்லை. பீஸ் பாக்கியை வசூலித்தார்!

நம்புங்கள், இதுதான் நடந்தது. கட்டியே ஆக வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றதில் மாணவர்கள் அவருக்கு 'பக் பென்னி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 'பக்' என்றால் பேச்சு வழக்கில் டாலர், 'பென்னி' பெஞ்சமினின் சுருக்கம். அப்போது ஓடிய ஒரு காமெடி சினிமாவின் பெயரும் அந்த மாதிரியே இருந்ததால் பட்டப்பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. நம் ஆபீஸில் ஃபைன் வசூலிக்கிறவருக்கு நாம் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. பக் பென்னி எவ்வளவோ பரவாயில்லை.

இந்த இடத்தில் எனக்கே ஒரு கேள்வி வந்தது. பருத்தி பொறுக்கிப் படித்தவர், ஏழைப் பையனிடம் பாக்கியைக் கேட்டுக் கழுத்தைப் பிடிக்கலாமா? என் நண்பன் ஒருவன், "இதுல என்னடா தலைமை? இது கந்து வட்டிக்காரன் வேலை" என்றான். எனக்குத் தோன்றுவது வேறு. அந்தக் கல்லூரிக்கு வெளியிலிருந்து வந்த பணமெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தருமம். தருமப் பணத்தில் ஓடுகிற கல்லூரிக்கு எந்தக் கட்சி ஆடுவது என்று தானே முடிவு செய்ய முடியாது. சொந்தக் காலில் ஒரு விரலாவது ஊன்ற வேண்டும். 1944-ல் டஸ்கீகியின் தலைவர் பேட்டர்சன் முயற்சியில் கறுப்பினக் கல்லூரிகள் இருபத்தேழு சேர்ந்து ஒரு கூட்டு நிதியைத் தொடங்கின. ஒவ்வொருவராகக் கையேந்துவதற்குப் பதில் சேர்ந்து கேட்பது. மோர்ஹவுஸும் அதில் முதலிலிருந்தே இருந்தது. என் நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு இந்த செமஸ்டர் பீஸ் பாக்கி இருக்கிறது.

அப்புறம் யுத்தம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு அமெரிக்கா இறங்க, படிக்கிற வயதுப் பையன்களெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். ஆண்கள் கல்லூரியில் ஆண்களே இல்லை! போர் முடியும்வரை இழுத்து மூடிவிடலாமே என்று நிர்வாகக் குழுத் தலைவரிடமிருந்தே யோசனை வந்தது. மேஸ் மறுத்தார். மூடின கல்லூரி திறக்காது என்பது நமக்கும் தெரியும். ஹைஸ்கூல் முடிக்காத சின்னப் பையன்களைக்கூடப் பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழி கண்டுபிடித்தார். அப்படி 1944-ல் பதினைந்து வயதில் வந்து சேர்ந்த ஒரு பையன்தான் மார்ட்டின் லூதர் கிங். பதினாலு வயதில் காலேஜுக்குள் வந்த இன்னொரு பையன் மேனார்ட் ஜாக்சன். அவர் 1973-ல் அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதையெல்லாம் தெரிந்தா மேஸ் செய்தார்? இல்லை. கிளாஸ் காலியாக இருந்தது, அதனால் செய்தார். எனக்குப் பிடித்ததே அதுதான்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

மோர்ஹவுஸில் சேல் ஹால் என்று ஒரு கட்டடம், அதில் பிரார்த்தனைக் கூடம். காலையில் மாணவர்கள் அங்கே கூட வேண்டும், கட்டாயம். செவ்வாய்க்கிழமை காலை மேஸ் பேசுவார். வெளியூர் போயிருந்தால் தவிர, வாரா வாரம், வருஷா வருஷம். ஆண்டு விழாவில் மட்டும் கண்ணில் படுகிற தலைவர் இல்லை. உயரமான மனிதர், நிமிர்ந்த நடை, சின்ன வயதிலேயே நரைத்த தலை. அவர் சொன்னதின் சாரம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: செய்கிற வேலை எதுவானாலும் அதில் உன்னை மிஞ்ச ஆள் இருக்கக் கூடாது. தோற்றுப் போவது பெரிய குற்றமில்லை, தாழ்வாகக் குறி வைப்பதுதான் குற்றம்.

இதைக் கேட்டால் நமக்குக் கொட்டாவி வரும். நம் அசெம்ப்ளியிலும் கேட்டிருக்கிறோம். வித்தியாசம் கேட்பவர்களில் இருக்கிறது. அந்தக் கூடத்தை விட்டு வெளியே வந்தால் அந்தப் பையன் பஸ்ஸில் பின்னால் உட்கார வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் தனி. அட்லாண்டாவில் ஃபாக்ஸ் தியேட்டர் என்று அரண்மனை மாதிரி ஒரு கொட்டகை. கறுப்பர்கள் சுவரை ஒட்டி வெளியே இருக்கிற படிக்கட்டில் ஏறி மேல் பால்கனியில்தான் உட்காரலாம். ஊர் முழுக்க, ஒவ்வொரு படிக்கட்டும் பெஞ்சும் 'உனக்கு எதுக்கு' என்று சொல்கிறது. வாரத்தில் ஒருநாள் காலையில் ஒரே ஒருத்தர் எழுந்து நின்று வேறு மாதிரி சொல்கிறார்.

சும்மா சொல்லவில்லை. இப்படிப் பிரித்து உட்கார வைக்கிற சினிமாக் கொட்டகைக்குப் போகாதீர்கள் என்றார். சட்டம் பஸ்ஸில் பின்னால் உட்கார வைத்தால் உடனே ஒன்றும் செய்ய முடியாமல் இருக்கலாம், வேலைக்குப் போயாக வேண்டும். ஆனால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி அவமானப்படுவது உன் இஷ்டம்தானே? அதை நிறுத்த யார் அனுமதியும் வேண்டாமே? இது சின்ன விஷயம் மாதிரி தெரிகிறது. பதினெட்டு வயதில் சனிக்கிழமை சினிமாவை விடுவது சின்ன விஷயமா என்று நம் ஹாஸ்டலில் கேட்டுப் பாருங்கள்.

கிங் கூடத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பாராம். பேச்சு முடிந்ததும் பின்னாலேயே ஆபீஸுக்குப் போய், இதை ஒத்துக்கொள்கிறேன், அதை ஒத்துக்கொள்ளவில்லை என்று விவாதம் செய்வாராம். இதை எழுதி வைத்தவர் மேஸ்தான். பதினாறு, பதினேழு வயதுப் பையன் பிரின்சிபால் ரூமுக்குள் போய் 'நீங்கள் சொன்னது சரியில்லை சார்' என்று சொல்ல முடிந்திருக்கிறது! அந்தக் கதவு திறந்திருந்ததைத்தான் நான் பேச்சைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

இவருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1936 கடைசியில் மேஸ் இந்தியா வந்தார். மைசூரில் ஒய்.எம்.சி.ஏ. உலக மாநாடு. அந்தப் பயணத்தில் காந்தியைச் சந்தித்து ஒன்றரை மணி நேரம் பேசினார். அகிம்சை என்பது சும்மா இருப்பதா, கூட்டத்தை அதில் எப்படிப் பழக்குவது என்றெல்லாம் கேட்டார். பின்னால் செவ்வாய்க்கிழமைப் பேச்சுகளில் காந்தி வந்தது இதனால்தான்.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது இன்னொன்று. மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அந்தக் காலத்தில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. அதன் தலைமையாசிரியர் இவரை அழைத்துப் போய்ப் பிள்ளைகளிடம் அறிமுகம் செய்கிறார்: இவரும் நம்மைப் போல ஒரு தீண்டத்தகாதவர்தான், பெரிய நிலைக்கு வந்திருக்கிறார் என்று. மேஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் பட்டம் வாங்கியவர், யுனிவர்சிட்டியில் டீன்! கோபமும் வந்தது. கொஞ்ச நேரத்தில் யோசித்தார். தன் சொந்த ஊரில் எந்த ஓட்டலில் சாப்பிட முடியும், எந்த ரயில் பெட்டியில் ஏற முடியும்? அந்தத் தலைமையாசிரியர் சொன்னது சரிதான் என்று புரிந்தது. அந்த ஆசிரியர் அதை அவமானமாகச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குத் தைரியமாகச் சொன்னார். கடல் தாண்டி வந்தவருக்குத் தன் நாட்டின் கண்ணாடியை நம் ஊர் ஆசிரியர் ஒருவர் காட்டியிருக்கிறார் என்று பெருமைப்படலாமா? அந்தக் கண்ணாடி இங்கே இருந்ததற்கு வெட்கப்படவும் வேண்டியிருக்கிறது.

1956 பிப்ரவரி. கிங் இப்போது மான்ட்கோமரி நகரில் பாதிரியார், பஸ் பகிஷ்காரத்தின் தலைவர், வயது இருபத்தேழு. வீட்டில் குண்டு விழுந்தாகிவிட்டது, கைது வாரண்டும் தயார். அட்லாண்டாவில் அவர் அப்பா, மகன் திரும்பிப் போகக் கூடாது என்று பதறி ஊர்ப் பெரியவர்களை வீட்டில் கூட்டுகிறார். மேஸும் போகிறார். எல்லோரும் போகாதே என்கிறார்கள். பெற்ற மனசு, அதில் தப்பென்ன? கிங் போயே தீர்வேன் என்கிறார். அறையில் பேச்சில்லை. கிங் மேஸைப் பார்க்கிறார். மேஸ் வாயைத் திறந்து, பையன் சொல்வதுதான் சரி என்று அவர் பக்கம் நின்று வாதாடுகிறார். அப்புறம் மற்றவர்களும் மாறினார்கள். வாரா வாரம் மேடையில் 'தலை நிமிர்ந்து நில்' என்று சொன்னவருக்கு, உண்மையாகவே ஒருத்தன் நிமிர்ந்து நின்று உயிரைக் கொடுக்கத் தயாரானபோது 'வேண்டாம்ப்பா' என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

1960-ல் அட்லாண்டா மாணவர்கள், தங்களுக்குச் சாப்பாடு போடாத ஓட்டல்களில் போய் உட்கார்ந்து மறியல் செய்யத் திட்டமிட்டார்கள். முன்னால் நின்றவர்களில் லோனி கிங், ஜூலியன் பாண்ட் இருவரும் மோர்ஹவுஸ் மாணவர்கள். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஆறு கல்வி நிலையங்களின் தலைவர்கள் அவர்களைக் கூப்பிட்டு, முதலில் உங்கள் கோரிக்கையை எழுதி வெளியிடுங்கள் என்றார்கள். பையன்களைத் தள்ளிப்போட வைக்கும் தந்திரம் இது என்று சிலர் சொல்வதுண்டு. இருக்கலாம். எந்த பிரின்சிபாலுக்கும் உள்ளூர அப்படி ஒரு நப்பாசை இருக்கும். ஆனால் மார்ச் 9-ம் தேதி அந்த அறிக்கை பத்திரிகைகளில் முழுப்பக்கம் வந்தபோது நிலைமை மாறியது. பள்ளி, ஆஸ்பத்திரி, வேலை, ஓட்டு, ஓட்டல் என்று ஒவ்வொன்றாக, கணக்குப் புள்ளிவிவரத்தோடு இருந்தது. ஜார்ஜியா கவர்னர், இது எங்கள் மாநிலத்துப் பள்ளிகளில் படித்தவர்கள் எழுதினது மாதிரியே இல்லை என்றார்! அதைவிட நல்ல சர்டிபிகேட் கிடைக்குமா? ஆறு நாள் கழித்து, மார்ச் 15 அன்று, சுமார் இருநூறு பேர் போய் உட்கார்ந்தார்கள். எழுபத்தேழு பேர் கைதானார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த அறிக்கையில் பெரும்பகுதியை எழுதியவர் பக்கத்து ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரி மாணவி ரோஸ்லின் போப். இந்தக் கட்டுரையை முதலில் படித்துப் பார்த்த இ.சி.இ. தோழி, "எல்லாம் சரி, உங்க கதையில பொண்ணுங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேஸ் வளர்த்தது 'மோர்ஹவுஸ் ஆண்மகன்' என்ற ஒரு பிம்பத்தை. அவர் பேச்செல்லாம் ஆண்களைப் பார்த்துத்தான். மதிற்சுவருக்கு அந்தப் பக்கம் அதே படிக்கட்டில் ஏறி அதே பால்கனியில் உட்கார வேண்டியிருந்த பெண்களிடம் செவ்வாய்க்கிழமை யார் பேசினார்கள் என்று நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

'முதலில் எழுதுங்கள்' என்பதைப் படித்தபோது நம் பஸ் மனு ஞாபகம் வந்தது. ஒப்பிடுவதற்கு இது சின்ன விஷயம், சிரிக்காதீர்கள். மத்தியான பேட்ச் ஒர்க்‌ஷாப் முடிவது 5.30. கடைசி பஸ் 5.10. டவுனுக்கு ஏழு கிலோமீட்டர். பேரவையில் முதலில் எழுதிய மனுவில் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. செயலாளர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, எந்தெந்தக் கிழமையில் எத்தனை பேர், அதில் மாணவிகள் எத்தனை, எந்த ஊர், நடந்து போனால் எத்தனை மணிக்கு வீடு என்று நோட்டுப் போட்டுக்கொண்டு வகுப்பு வகுப்பாக எண்ணச் சொன்னார். ஒரு வாரம் எண்ணினோம். கேஸ்கட் எண்ணினதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! டெப்போவில் அந்தத் தாளைப் பார்த்த அதிகாரி, "யார் எழுதிக் கொடுத்தாங்க தம்பி?" என்று கேட்டார். "நாங்கதான் சார்" என்றோம். இன்னொரு முறை கேட்டார். இப்போது 5.40-க்கு ஒரு பஸ் வருகிறது, திங்கள் முதல் வெள்ளி வரை. சனிக்கிழமை இன்னும் நடைதான்.

மேஸின் மிச்சக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1967-ல் ஓய்வு பெற்றார். வந்தபோது டாக்டர் பட்டம் வாங்கிய ஆசிரியர்களை விரல்விட்டு எண்ணலாம். போகும்போது ஆசிரியர்களில் பாதிக்கு மேல் அப்படி. நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த ஃபை பீட்டா காப்பா, 1968-ல் மோர்ஹவுஸிலேயே கிளை தொடங்கியது. இனிமேல் அங்கே படிக்கிறவன் பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டாம்.

அதே 1968 ஏப்ரல் 4-ம் தேதி கிங் சுடப்பட்டார். இருவருக்கும் முன்னமே ஒரு ஒப்பந்தம் இருந்தது. யார் முதலில் போகிறாரோ, அவருக்கு மற்றவர் இரங்கல் உரை சொல்ல வேண்டும். மேஸுக்கு எழுபத்து மூன்று வயது, கிங்குக்கு முப்பத்தொன்பது. யார் யாருக்குச் சொல்வார் என்று நினைத்து அந்த ஒப்பந்தத்தைச் செய்திருப்பார்கள்! ஏப்ரல் 9 அன்று மோர்ஹவுஸ் வளாகத்தில், திறந்த வெளியில், ஆயிரக்கணக்கான ஜனங்கள் முன்னால் நின்று கிழவர் தன் வாக்கைக் காப்பாற்றினார்.

அதோடு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. மறு வருஷம் அட்லாண்டா நகரக் கல்விக் குழுவுக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். 1970-ல் அதன் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். வருஷத்துக்கு நாலு மாதம் மட்டும் திறந்திருந்த பள்ளிக்கூடத்தில் படித்தவர், 1981 வரை, ஒரு பெருநகரத்தின் அத்தனை பள்ளிக்கூடங்களையும் அந்த நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.